காக்காவையும் எழுதணுமாண்ணே?

முண்டக உபநிடதத்தில் ஒரு மரமும் இரண்டு பறவைகளும் வருகின்றன. ஒரு பறவை அந்த மரத்தின் பழத்தைத் தின்கிறது. அதன் தோழனான மற்றொன்று எதையும் தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. தின்னும் பறவை ஜீவன், பார்க்கும் பறவை சாட்சி என்று நம் சமய வகுப்புகளில் விளக்கம் சொல்வார்கள். நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

எனக்கு இதில் நீண்ட நாளாக ஒரு சந்தேகம். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு பெரிய விஷயமா? ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்தால் வண்டியை மெதுவாக ஓட்டி, கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்களே, அவர்களும் பார்க்கத்தானே செய்கிறார்கள்? அவர்களையும் சாட்சி என்று சொல்லிவிடலாமா? இல்லை என்று மனசு உடனே சொல்கிறது. ஏன் இல்லை என்று கேட்டால்தான் பதில் வர மாட்டேங்குது.

இந்தக் கேள்வியை எனக்குக் கொஞ்சம் தெளிவாக்கியது புத்தகம் இல்லை. சுபாங் ஜெயாவில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலையும், ஒரு பதின்மூன்று வயதுத் தம்பி கேட்ட கேள்வியும்தான். அதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நமக்கும் உண்டு இலையுதிர் காலம்

மலேசியாவில் இலையுதிர் காலம் ஏது? வெயில், மழை, நடுவில் சில வருஷம் புகைமூட்டம், அவ்வளவுதான் நம் பருவங்கள். ஆனால் வடக்கே சைபீரியா, மங்கோலியா, வட சீனா, ஜப்பான் பக்கமெல்லாம் குளிர் தொடங்கும்போது பூச்சிகள் குறைந்துவிடும். பூச்சியை நம்பி வாழும் பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அவை மலாய்த் தீபகற்பத்துக்குள் வந்தபடியே இருக்கும். சில இங்கேயே தங்கிவிடும். சில சுமத்திரா, ஜாவா என்று இன்னும் தெற்கே போகும். மார்ச், ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும். கிழக்காசிய ஆஸ்திரேலேசியப் பறவைப் பாதை என்று இதற்குப் பெயர். நம் வீட்டுக் கூரைக்கு மேலேதான் அந்தப் பாதை போகிறது.

ஜப்பானில் கூடு கட்டும் தேன்பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அவை கடலைக் கடந்து சீனாவுக்குள் நுழைந்து, தாய்லாந்து வழியாக மலேசியாவுக்கு இறங்கி, அங்கிருந்து இந்தோனேசியாவுக்குப் போகின்றன. கடவுச்சீட்டு இல்லை, விசா இல்லை. வசந்த காலத்தில் அவை சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டித் திரும்பி வருவதைப் பார்ப்பதற்காக, போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் மலேசிய இயற்கைக் கழகம் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாத வாக்கில் விழாவே எடுக்கிறது.

நம் பஞ்சாங்கத்திலும் இந்த மாதங்களுக்குத் தனி இடம் உண்டு. புரட்டாசியில் மகாளய பட்சம், முன்னோருக்குத் தர்ப்பணம். அதை ஒட்டி நவராத்திரி. சரத் ருதுவில் வருவதால்தான் அதற்குச் சாரதா நவராத்திரி என்று பெயர். சரத் ருது என்றால் இலையுதிர் காலம்தான். ஆக நமக்கு இலை உதிராவிட்டாலும், வடக்கின் இலையுதிர் காலம் இறக்கை கட்டிக்கொண்டு நம்மிடம் வருகிறது. அதே மாதத்தில் நம் வீட்டு மதில்மேல் ஒரு வாய்ச் சோற்றை வைத்து, "கா... கா..." என்று நாமும் ஒரு பறவையைக் கூப்பிடுகிறோம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பட்டியலில் சேராத பறவை

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. காலை 7.15 மணி. எங்கள் வட்டார இளைஞர்கள் 11 பேர் எஸ்.எஸ்.16-இல் உள்ள சுபாங் ரியா பூங்காவில் கூடினோம். சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1970-களின் நடுவில்தான் ரப்பர் மரங்களுக்குப் பதிலாக இங்கே வீடுகள் முளைக்கத் தொடங்கின. இந்தப் பூங்காவில் ஓர் ஏரி, அதைச் சுற்றி நடைபாதை, பெரிய பெரிய மழைமரங்கள். இந்த இடத்தைக் கட்டடங்களுக்கு விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்று சுற்றுவட்டார மக்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

எங்களிடம் இருந்தது மூன்று பைனாகுலர், ஒரு பறவைக் கையேடு, ஒரு நோட்டுப் புத்தகம். விரதக்காரர்களுக்கு வடையும் வாழைப்பழமும். மற்றவர்களுக்கு நாசி லெமாக்.

முதல் அரை மணி நேரத்தில் அதிர்ஷ்டம். ஏரிக்கரையில் பட்டுப்போன கிளை நுனியில் ஒரு பழுப்புக் கீச்சான். கண்ணில் கறுப்பு மை தீட்டி முகமூடி போட்ட மாதிரி இருக்கும். வட கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த விருந்தாளி. ஒரு கைப்பிடி அளவு உடம்பு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம். தண்ணீருக்கு மேல் தகைவிலான்கள் தாழப் பறந்து பூச்சி பிடித்தன. பிறகு உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள்: நீல முதுகு மீன்கொத்தி, புல்லில் ஓடிய கானாங்கோழி, மஞ்சள் மாங்குயில், மணிப்புறா. ஒவ்வொன்றுக்கும் "எங்க? எங்க?" என்று தள்ளுமுள்ளு. பார்த்தவுடன் நோட்டில் ஒரு டிக். அடுத்தது எங்கே என்று கண் வேறு பக்கம் போய்விடும்.

ஒன்பது மணிக்குப் பட்டியலில் 18 வகை. இன்னும் இரண்டு கிடைத்தால் 20 ஆகிவிடும் என்று எல்லாருக்கும் ஒரு வெறி. அப்போதுதான் நோட்டு வைத்திருந்த தம்பி கேட்டான்.

"அண்ணே, காக்காவையும் எழுதணுமாண்ணே?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "காக்காவைப் பாக்கவாடா காலைல எழுந்து வந்தோம்?" என்றான் ஒருவன். ஆனால் கேட்டவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது உண்மையான சந்தேகம். குப்பைத் தொட்டிப் பக்கம் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. பார்த்த பறவையை எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதினால் சிரிப்பார்கள். எழுதாவிட்டால் பொய்.

"எழுது. எத்தனைன்னு எண்ணி எழுது," என்றேன்.

எண்ணுவது சுலபமாக இல்லை. அவை ஓர் இடத்தில் நிற்காதே. பத்து நிமிஷம் ஆனது. வந்த கணக்கு 43. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அன்றைக்கு முதன்முறையாக எங்கள் குழு ஒரு பறவையை உண்மையிலேயே பார்த்தது என்று நினைக்கிறேன். ஒரு காகம் காய்ந்த ரொட்டித் துண்டைக் கொண்டுபோய்த் தேங்கிய நீரில் நனைத்துத் தின்றது. இன்னொன்று எதையோ கண்டுபிடித்துக் கரைந்தது. உடனே நாலைந்து வந்து சேர்ந்தன. வள்ளுவர் 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் காக்கையை உதாரணம் காட்டியது எதற்கு என்று விளக்கம் சொல்லவே தேவைப்படவில்லை. "மற்ற பறவைய ஒரு நிமிஷம்கூட பாக்கலையேண்ணே நாம," என்றாள் ஒரு தங்கை. அவள் சொன்னது சரி.

யோசித்துப் பாருங்கள். மற்ற 18 பறவைகளை நாங்கள் எதற்காகப் பார்த்தோம்? அவை அழகு, அபூர்வம், தூர தேசம். அவை எங்களுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தன. டிக் போட்டதும் ஒரு சந்தோஷம். அதாவது அது பழம். நாங்கள் மரத்தில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தோம். காக்கையிடம் எங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை. எதுவும் வேண்டாமல் பார்த்தபோதுதான் அது அதுவாகத் தெரிந்தது.

நெடுஞ்சாலையில் படம் பிடிப்பவன் ஏன் சாட்சி இல்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அவனும் தின்றுகொண்டிருக்கிறான். வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பிய பெருமை, நாலு பேர் கேட்கும் "எங்க ப்ரோ?" எல்லாம் அவனுக்குப் பழம். தின்னும் பறவை, பார்க்கும் பறவை மாதிரி வேஷம் போட்டால் அப்படித்தான் இருக்கும்.

அது எப்படி இங்கே வந்தது?

கதை இத்தோடு முடியவில்லை. பார்த்துவிட்டால் அடுத்த கேள்வி வந்துவிடும். இந்தக் காகம் எங்கிருந்து வந்தது?

பெரிய அலகு கொண்ட கன்னங்கரிய காகம் இந்த மண்ணுக்கே உரியது. காட்டோரங்களிலும் சதுப்பு நிலங்களிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் சுபாங்கிலும் கிள்ளானிலும் நாம் தினமும் பார்க்கும், கழுத்து சாம்பல் நிறமான ஊர்க்காகம் அப்படி இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிலாங்கூரில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி பயிரிட்டார்கள். காப்பிச் செடியின் இலைகளைப் புழுக்கள் மொட்டையடித்தன. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டார்கள். கொஞ்ச காலத்தில் காப்பி நட்டமாகி ரப்பர் வந்தது. காப்பி போய்விட்டது. காகம் தங்கிவிட்டது.

இந்தக் கதையை அன்று பூங்காவில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தம்பி மெதுவாகச் சொன்னான்: "நம்ம கதை மாதிரியே இருக்குண்ணே."

கவனமாகச் சொல்கிறேன். மனிதனைப் பறவையோடு நான் ஒப்பிடவில்லை. என் தாத்தாவின் அப்பா போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில்தான் இறங்கினார். அவரை ஒரு காக்கையோடு சேர்த்துப் பேச எனக்கு மனசு வராது. நான் ஒப்பிடுவது பார்க்கிற பார்வையை. ஒரு தேவைக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவருவது, தேவை முடிந்ததும் "இது எங்கிருந்து வந்தது, எப்போது போகும்" என்று கேட்பது. இந்தப் பார்வை எவ்வளவு வலிக்கும் என்று தோட்டத்திலிருந்து வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். நமக்குத் தெரிந்த வலி என்பதால், அதே பார்வையை நாம் இன்னொருவர்மேல் செலுத்தும்போது நமக்கு முதலில் உறைக்க வேண்டும்.

அன்று பூங்காவில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தவர் ஒரு வங்காளதேசத்துக்காரர். எங்களில் ஒரு தங்கை அவருக்கு நாசி லெமாக் ஒன்றைக் கொடுத்துவிட்டு, காக்கைகளைப் பற்றிக் கேட்டாள். அவர் மலாயில் சொன்னார்: காகங்கள் விடியும்போதே வந்துவிடும், வெள்ளி சனி இரவில் கூட்டம் அதிகமாக வந்து போனால் மறுநாள் காகமும் அதிகம், திங்கட்கிழமை குறைந்துவிடும். எந்தக் கையேட்டிலும் இது இல்லை. அந்தப் பூங்காவின் பறவைகளை எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பார்த்திருந்தவர் அவர்தான். யாரும் கணக்கில் எடுக்காதவர், யாரும் கணக்கில் எடுக்காத பறவையைக் கவனித்து வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்குப் பக்க மரத்திலிருந்து ஒரு குயில் கூவிக்கொண்டே இருந்தது. "என்னா சவுண்டு" என்று எல்லாரும் ரசித்தோம். குயில் கூடு கட்டாது, காக்கை கூட்டில் முட்டையிடும் என்பது பாட்டி சொன்ன கதை. அது உண்மைதான். முன்பு இந்தப் பக்கம் குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போன குயில், ஊர்க்காகம் பெருகிய பிறகு இங்கேயே குஞ்சு பொரித்துப் பெருகியது. நாம் ரசிக்கும் குரலை வளர்த்துக் கொடுத்தது நாம் விரட்டும் பறவை.

வால்மீகி பார்த்தது

சரி, பார்த்தாச்சு. பார்த்தபின் சும்மா இருக்கலாமா? சாட்சி என்றால் ஒதுங்கி நிற்பதுதானே என்று கேட்கலாம்.

ராமாயணம் பிறந்த கதையை நினைத்துப் பாருங்கள். தமசா நதிக்கரையில் வால்மீகி ஒரு ஜோடிக் கிரௌஞ்சப் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடன் அம்பு விட்டான். ஆண் பறவை விழுந்தது. பெண் பறவை அலறியது. முனிவரின் துயரம் சாபமாக வெளிவந்தது, அந்தச் சாபமே சுலோகமாக அமைந்தது. நம் மரபில் முதல் காவியத்துக்கு விதை போட்டது, ஒரு மனிதர் நதிக்கரையில் நின்று பறவை பார்த்ததுதான்!

அவருக்கு அந்தப் பறவைகளிடமிருந்து எதுவும் வேண்டியதில்லை. இறைச்சி வேண்டாம், கூண்டில் அடைக்க வேண்டாம், பட்டியலில் எழுதவும் வேண்டாம். ஆசை இல்லாமல் பார்த்ததால்தான் அதன் வலி நேராக அவருக்குள் போனது. வேடனும் அதே பறவையைத்தான் பார்த்தான், அவனைவிடக் கூர்மையாகக்கூடப் பார்த்திருப்பான். ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிந்தது சாப்பாடு.

கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஞானியின் லட்சணமாகச் சொல்லப்படுவது சமதரிசனம். அந்தணன், பசு, யானை, நாய், நாயைத் தின்பவன் என்று எல்லாரிடத்திலும் ஒரே பார்வை. தரிசனம் என்றாலே பார்ப்பதுதானே. கோயிலில் கர்ப்பகிரகத்தின் முன் அரை நொடி தரிசனத்துக்கு முண்டியடிக்கிறோம். வெளியே வந்ததும் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் கண்ணில் படுவதில்லை. தரிசனம் உள்ளே முடிந்துவிடுகிறதா?

ஆகவே என் முடிவு இது. சாட்சியாக இருப்பது ஒதுங்கி நிற்பது ஆகாது. ஆசையை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பதுதான் சாட்சி. அப்படிப் பார்த்தால் இரக்கம் தானாக வரும், தனியாக வரவழைக்க வேண்டியதில்லை.

"அப்ப கொத்துனா சும்மா விடணுமா?"

இது அன்று வந்த அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. "எங்க பிளாட்ல குஞ்சு பொரிக்கிற நேரத்துல காக்கா பாட்டி தலையிலயே கொத்திருச்சுண்ணே. நீங்க உபநிஷத்து சொல்றீங்க."

இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. ஊர்க்காகத்தால் தொல்லை உண்டு. சத்தம், எச்சம், குப்பையைக் கிளறிப் போடுவது, கூடு இருக்கும்போது ஆளைத் தாக்குவது. இந்த மண்ணின் சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அது தின்றுவிடும். கருணை என்றால் கீச்சானுக்கும் மாங்குயிலுக்கும் சேர்த்துத்தான் கருணை. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று நான் வாதாடப் போவதில்லை. ஊராட்சி மன்றங்களுக்குப் புகார் போகிறது, அவர்கள் ஏதாவது செய்தாக வேண்டும், சுடுகிறார்கள்.

ஆனால் சிலாங்கூரில் காக்கை சுடுவதைப் போட்டியாகவே நடத்திப் பரிசு கொடுத்ததும் உண்டு. எனக்கு அங்கேதான் தொண்டையில் முள் மாட்டுகிறது.

மகாபாரதத்தில் யட்சன் தருமரிடம் எது உயர்ந்த தர்மம் என்று கேட்கிறான். தருமர் சொல்லும் பதில் ஆந்ருசம்ஸ்யம். கொடூரம் இல்லாமை என்று இதைச் சொல்லலாம். எனக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் முழு அகிம்சை சம்சாரிக்கு முடியாத காரியம். நடந்தால் எறும்பு சாகும், விவசாயம் செய்தால் புழு சாகும். ஆனால் கொடூரம் இல்லாமல் வாழ எல்லாராலும் முடியும். தவிர்க்க முடியாமல் ஓர் உயிரை எடுத்தாலும் அதில் குதூகலம் வேண்டாம், பரிசு வேண்டாம், கைதட்டல் வேண்டாம். அதற்கு முன்னால் வேறு எல்லா வழியையும் முயன்று பார்த்திருக்க வேண்டும்.

சிபிச் சக்கரவர்த்தி கதையையும் இங்கே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். புறாவைக் காப்பாற்றியவர் என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் அவர் பருந்தை விரட்டவில்லை, கவனித்தீர்களா? பருந்துக்கும் பசி உண்டு, அதன் பக்கமும் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டார். புறாவும் சாகக் கூடாது, பருந்தும் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்தபோது, விலையைத் தன் தொடையிலிருந்து அறுத்துக் கொடுத்தார். செலவு யாருடையது என்பதுதான் அந்தக் கதையின் கேள்வி. நாமோ பத்துமலை அடிவாரத்தில் புறாவுக்குச் சோளம் வாங்கிப் போட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொள்கிறோம். காக்கை விஷயத்தில் முழுச் செலவையும் காக்கையே கட்டட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

காகம் ஏன் பெருகுகிறது? அந்தத் துப்புரவுத் தொழிலாளி சொன்னதுதான் பதில். வெள்ளி சனியில் நாம் வருகிறோம். மூடாத தொட்டி, கட்டாத பை, மாமாக் கடைப் பின்புறத்தில் கொட்டிய சோறு, கல்யாண மண்டபத்தில் பாதி தின்று மூடிய இலை. சாப்பாடு குறையாமல் எத்தனை காகத்தைச் சுட்டாலும், மிச்சம் இருப்பவை நன்றாகத் தின்று நன்றாகக் குஞ்சு பொரிக்கும். எண்ணிய 43 காகமும் நம் தட்டிலிருந்து விழுந்ததைத் தின்று வளர்ந்தவை. காக்கையைச் சரியாகப் பார்த்தால் நம் கை தெரிகிறது.

இந்த மாதம் நாம் செய்யக்கூடியது

இளைஞர்களாகிய நம்மால் என்ன செய்ய முடியும்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

மகாளய அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் காக்கைக்குச் சோறு வைப்பதை விட வேண்டாம். அது நம் பெரியவர்களை நினைக்கும் வழி, நாம் சாப்பிடும் முன் இன்னோர் உயிரை நினைக்கும் வழி. ஆனால் ஒரு கவளம் போதும். வாழையிலைத் துண்டில் வைப்போம், நெகிழித் தட்டில் வேண்டாம். தின்று முடிந்ததும் அந்த இடத்தை நாமே துடைத்துவிடுவோம். முன்னோருக்கு வைத்த சோறு பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லையாகிவிட்டால் முன்னோர் மகிழ மாட்டார்கள்.

அடுத்தது கோயில் அன்னதானம். பரிமாறுவதற்கு நம்மில் நிறையப் பேர் ஓடிப்போய் நிற்கிறோம், நல்ல விஷயம். முடிந்தபின் மிச்சத்தைக் கட்டி, தொட்டியை மூடுவதற்கும் இரண்டு பேர் நிற்கட்டும். அந்த வேலையும் கைங்கரியம்தான்.

தீபாவளிக்கு ஒரு யோசனை. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம், பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பறவைகள் வரும் நேரமும் தீபாவளியும் ஒன்றாக வரும். பறவைகள் பயந்து போய்விடக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதே இல்லை. அந்த ஊரிலும் பட்டாசு கேட்டு அழும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்தானே. ஒருவரும் அந்தப் பறவைகளைச் சொந்தம் கொண்டாட முடியாது, அவை சில மாதம் தங்கிவிட்டுப் போய்விடும். அப்படிப்பட்ட விருந்தாளிக்காக ஓர் ஊரே தன் கொண்டாட்டத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்திருக்கிறது. நாம் முழுதாக விட வேண்டாம். வீட்டுப் பக்கம் மரமும் ஏரியும் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் வெடிக்காமல் இருக்கலாமே.

கடைசியாக ஒன்று. மாதத்தில் ஒரு காலை உங்கள் தாமானில் இருக்கும் பூங்காவுக்குப் போங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தூர தேசத்துப் பறவை வந்தால் சந்தோஷமாகப் பாருங்கள். அதோடு, தினமும் கண்ணில் பட்டும் நீங்கள் பார்க்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு பத்து நிமிஷம் பாருங்கள். அது காகமாக இருக்கலாம், மைனாவாக இருக்கலாம், குப்பை அள்ளும் அண்ணனாகவும் இருக்கலாம். அவரிடம் பேச்சுக் கொடுங்கள், பெயரைக் கேளுங்கள். பார்த்ததை எண்ணி எழுதி வையுங்கள். யாராவது சிரித்தாலும் எழுதுங்கள்.